5 கிலோவாட்டுக்குள் ஒரு தீவு: எக் எலெக்ட்ரிக் மின்சேவை எப்படி இருக்கிறது?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், சுமார் 9 கிலோமீட்டர் நீளமுள்ள எக் தீவில் மின்சாரம் தருவது அரசும் அல்ல, தனியார் பெருநிறுவனமும் அல்ல. 1997 ஜூனில் தீவையே 15 லட்சம் பவுண்டுக்கு விலைக்கு வாங்கிய அறக்கட்டளைதான் தருகிறது. குடியிருப்போர் சங்கம், ஹைலேண்ட் கவுன்சில், ஸ்காட்டிஷ் வனவுயிர் அறக்கட்டளை ஆகிய மூன்றும் சேர்ந்து அதை உருவாக்கின. பணத்தில் பெரும்பகுதி பொதுமக்கள் நன்கொடை. அந்த அறக்கட்டளைக்குச் சொந்தமான எக் எலெக்ட்ரிக், 2008 பிப்ரவரி 1 அன்று மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. அதுவரை பெரும்பாலான வீடுகளில் ஆளுக்கொரு டீசல் ஜெனரேட்டர்தான்.

முதலில் நிறைகுறை பார்க்க வேண்டியது உற்பத்தியை. மூன்று ஓடைகளில் நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன: லேக் (Laig) என்ற இடத்தில் 100 கிலோவாட் ஒன்று, மற்ற இரண்டும் தலா 5, 6 கிலோவாட் அளவில் சிறியவை. அன் ஸ்கூர் மலையடியில் தலா 6 கிலோவாட் காற்றாலைகள் நான்கு. 10 கிலோவாட்டில் தொடங்கிய சோலார், சில ஆண்டுகளில் 50 ஆனது. இவை எல்லாம் கைவிட்டால் தலா 64 கிலோவாட் டீசல் ஜெனரேட்டர்கள் இரண்டு. ஏறத்தாழ 11 கிலோமீட்டர் கேபிள் மண்ணுக்கடியில் போகிறது. கடற்காற்றடிக்கும் தீவில் மின்கம்பம் நட்டிருந்தால் புயலுக்குப் புயல் பழுதுபார்க்கும் வேலைதான் மிஞ்சியிருக்கும். இது சரியான முடிவு.

மூன்று மூலங்களைக் கலந்தது அழகுக்காக அல்ல. குளிர்காலத்தில் மழையும் காற்றும் உண்டு, வெயில் கிடையாது. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை ஓடை வற்றும், ஆனால் பகல் நீளும். பெரிய அணை எதுவும் இல்லாததால், ஓடையில் அன்றன்று ஓடுகிற நீர்தான் சுழலியைச் சுற்றும். இரண்டு மூன்று வாரம் மழை இல்லையென்றால் அந்த 100 கிலோவாட்டை மறந்துவிட வேண்டியதுதான். சோலாரைக் கூட்டியது அந்த ஓட்டையை அடைக்கத்தான். மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வருவதன் அடிப்படை இந்தப் பொருத்தமே.

நடுவில் இருப்பது பேட்டரி வங்கி: 48 வோல்ட், 212 கிலோவாட்-மணி, ஈய அமில வகை. வீட்டு இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். ஈய அமில பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் தகடுகளில் சல்பேட் படிந்து ஆயுள் குறையும். ஆகவே கைக்கு வருவது சுமார் 106 யூனிட் மட்டுமே. தீவு முழுக்க 40 கிலோவாட் லோடு ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத் தாங்கும். பேட்டரி இறங்கியதும் ஜெனரேட்டர் தானே ஓடி மறுபடி ஏற்றுகிறது. நிரம்பி வழிந்தால் மின்சாரத்தின் அதிர்வெண் சற்று உயரும். அதையே சமிக்ஞையாகக் கொண்டு சோலாரும் காற்றாலையும் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். எஞ்சியது சமூகக் கூடம், தேவாலயம் போன்ற பொதுக் கட்டடங்களின் ஹீட்டருக்குப் போகிறது. வீணாகிற மின்சாரத்தில் ஊர்க்கூடம் இலவசமாகச் சூடாவது இந்தச் சேவையில் மனசுக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

இந்தச் சேவையின் உயிர், இயந்திரங்களில் இல்லை, ஒரு விதியில் இருக்கிறது. எந்த வீடானாலும் ஒரே நேரத்தில் 5 கிலோவாட். கடை, விடுதி போன்ற தொழில்களுக்கு 10. பெரிய வீடு, சின்ன வீடு என்ற பேதமில்லை. தாண்டினால் ட்ரிப் ஆகும். பராமரிப்பாளர் வந்து போட்டுத் தர வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு. மாத யூனிட்டுக்கு வரம்பு வைக்காமல் ஒரே நேர லோடுக்கு ஏன் வரம்பு? 50 வீடுகள் மாலை ஆறு மணிக்கு ஆளுக்கு 10 கிலோவாட் இழுத்தால் 500 கிலோவாட். எல்லா மூலமும் ஒருசேர முழு வேகத்தில் ஓடினாலும் அது நடக்காது. இந்தக் கட்டமைப்பைச் சாய்ப்பது உச்ச நேரம்தான்.

5 கிலோவாட்டுக்குள் வாழ்வது கடினமில்லை, ஆனால் கணக்குத் தெரிய வேண்டும். பிரிட்டிஷ் கெட்டில் 3 கிலோவாட். துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீரைச் சுடவைக்கும்போது 2 கிலோவாட்டுக்கு மேல். இரண்டும் சேர்ந்தாலே எல்லை தொட்டுவிடும். துணி இயந்திரம் அவ்வளவு இழுப்பது முதல் 15, 20 நிமிடம்தான். பிறகு மோட்டாருக்குச் சில நூறு வாட் போதும். அதுவரை தேநீர் காத்திருக்கட்டும். தண்ணீர்த் தொட்டி ஹீட்டரும் மின் அடுப்பும் ஒன்றாக வேண்டாம். 7 முதல் 10 கிலோவாட் கேட்கும் உடனடி மின் ஷவர் அறவே ஆகாது. விடுதி எடுத்துத் தங்குகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். முடி உலர்த்தும் கருவியே 2 கிலோவாட் வரை இழுக்கும். காற்றும் நீரும் குறைந்த நாளில் சிவப்பு என்று அறிவித்துச் சிக்கனம் கேட்பார்கள். பச்சை என்றால் தாராளம்.

குறைகளும் உண்டு. யூனிட் விலை தொடக்கத்தில் நிலப்பகுதியைவிட அதிகம். ஆனால் கடலடிக் கேபிள் போட்டிருந்தால் அதற்கே பல மில்லியன் பவுண்டு ஆகியிருக்கும். இங்கே மொத்தத் திட்டமும் சுமார் 16 லட்சம் பவுண்டில் முடிந்தது. அடுத்து, அந்த ஒன்பது பங்குக் கணக்கு மின்சாரத்துக்கு மட்டுமே. வீடு சூடாக்க விறகும் எரிவாயுவும் இன்னும் வேண்டியிருக்கிறது. அந்த வெப்பத்தையும் மின்சாரத்துக்கு மாற்றினால் 5 கிலோவாட் விதி நெருக்கும். உற்பத்தியையும் பேட்டரியையும் பெருக்காமல் அது ஆகாது. பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் ஆயுள் முடியும்போது மாற்றும் செலவு, நூறு பேரைச் சற்றே தாண்டிய ஊரின் தலையில் விழும்.

பராமரிப்புக்கு முழு மதிப்பெண். பயிற்சி பெற்ற தீவுவாசிகளே பகுதிநேர வேலையாகப் பார்க்கிறார்கள். நீர்மின் வாய்க்கால் வடிகட்டியில் இலை அடைத்தால் அழுத்தம் குறைந்து உற்பத்தி சரியும். கப்பலுக்குக் காத்திருந்து நிலப்பகுதித் துறைமுகமான மல்லேக்கிலிருந்து ஆள் வந்து அதை எடுக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் போய் எடுத்துவிடுகிறார்.