முழங்கால் வலிக்கு எந்த மூலிகை எக்ஸ்ட்ராக்ட்? மஞ்சள், போஸ்வெல்லியா, இஞ்சி, வில்லோ பட்டை

மூலிகை வீக்கத்த குறைக்கும்னு சொல்ல ஏகப்பட்ட பேப்பர் இருக்கு, ஆனா முக்காவாசி எலி பேப்பர். எலி பாதத்துல கேராஜீனன ஊசி போட்டு வீங்க வச்சு, கிலோவுக்கு 200, 400 மில்லிகிராம்னு சாறு குடுத்து, டைக்ளோஃபெனாக்ங்குற வலி மாத்திரை குடுத்த எலியோட கம்பேர் பண்ணுவாங்க. இதுல ஃபெயில் ஆன செடிய தேடணும், அவ்ளோ ஈசியா பாஸ் ஆகும். அதனால மனுஷங்ககிட்ட ட்ரையல் நடந்த நாலு மட்டும், அதுவும் முழங்கால் தேய்மான வலிய வச்சு பாப்போம்.

மஞ்சளுக்கு தான் ஃபேன்ஸ் அதிகம். ஆனா பொடில வேலை செய்யுற பொருளான குர்குமின் சுமார் 3 சதவீதம் தான், அது தண்ணில கரையாது, குடல்ல ஒழுங்கா ஏறாது, ஏறுன கொஞ்சத்தையும் உடம்பு சீக்கிரம் மாத்தி வெளிய தள்ளிடும். 1998ல பெங்களூர்ல 2 கிராம் குர்குமினோட மிளகுல இருக்குற பைப்பரின 20 மில்லிகிராம் சேத்து குடுத்தப்போ ஏறுற அளவு சுமார் 20 மடங்கு ஆச்சு, எல்லா டப்பாலயும் இத தான் பெருசா போடுவாங்க, ஆனா ஏற்கனவே கிட்டத்தட்ட சைபரா இருந்தது 20 மடங்கு ஆனா எவ்ளோ இருக்கும்னு யாரும் கேக்குறதில்ல. மஞ்சள் பக்கம் ஸ்ட்ராங்கான ஆதாரம்னா 2014 தாய்லாந்து ட்ரையல்: 367 பேர், 4 வாரம், தினம் 1500 மில்லிகிராம் எக்ஸ்ட்ராக்ட் ஒரு பக்கம், 1200 மில்லிகிராம் ஐபுப்ரோஃபென்ங்குற வலி மாத்திரை இன்னொரு பக்கம். வலி குறைஞ்சது ஏறக்குறைய சமம், வயித்து வலி மஞ்சள் குரூப்ல கம்மி. நல்ல ரிசல்ட் தான், ஆனா மருந்தே இல்லாத டம்மி மாத்திரை குரூப் இல்ல, அதனால தானா குறைஞ்ச வலி எவ்ளோனு தெரியாது. இன்னொண்ணு, நல்லா ஏறணும்னு பைப்பரின் சேத்த மாத்திரைகளால சிலருக்கு கல்லீரல் வீங்கி மஞ்சள் காமாலை வந்திருக்கு. அபூர்வம் தான், ஆனாலும் யூரின் டார்க்கா போச்சுனா உடனே நிறுத்திட்டு டாக்டர பாருங்க.

போஸ்வெல்லியா, சல்லகினு விக்குற மரப்பிசின், வேற ரூட்டு. ஐபுப்ரோஃபென் மாதிரி மருந்துங்க வலி, வீக்கத்த தூண்டுற காக்ஸ் என்சைம தடுக்கும், இதுல இருக்குற ஏகேபிஏங்குற அமிலம் லேப்ல 5-லாக்ஸ்ங்குற இன்னொரு என்சைம தடுத்து, வீக்கத்த தூண்டுற லூகோட்ரையீன்ங்குற பொருள குறைக்குது. குடிச்சா ரத்தத்துல அதுக்கு போதுமான அளவு ஏறுதானு சிலர் சண்டை போடுறாங்க, அது நியாயமான சந்தேகம் தான். ஆனா ட்ரையல்ல வேலை செய்யுது: 2003ல நாக்பூர்ல 30 பேர், 8 வாரம், டம்மி மாத்திரையோட ஒப்பிட்டு பாத்ததுல வலி, வீக்கம் ரெண்டும் குறைஞ்சுது, எக்ஸ்ரேல மாத்தம் இல்ல. அதனால குருத்தெலும்பு திரும்ப வளரும்னு விக்கிறவன நம்பாதீங்க. 2008ல 75 பேர்கிட்டயும் டம்மியோட வச்சு பாத்து நல்ல ரிசல்ட் தான். சின்ன ட்ரையல் தான், ஆனா டம்மிய ஜெயிச்சது எனக்கு பெருசு. கொழுப்பு இருக்குற சாப்பாட்டோட எடுத்தா நல்லா ஏறும், வெறும் வயித்துல வேஸ்ட்.

இஞ்சி, 2001ல 247 பேர்கிட்ட டம்மிய விட கொஞ்சம் மேல, ஆனா வயித்து தொந்தரவும் மேல. அவ்ளோ தான்.

வில்லோ மரத்து பட்டைல இருக்குற சாலிசின் உடம்புல சாலிசிலிக் ஆசிடா மாறும், ஆஸ்பிரினோட சொந்தக்காரன். 2000ல இடுப்பு வலி, அதாவது கீழ் முதுகு வலி உள்ள 210 பேர்ல, 240 மில்லிகிராம் சாலிசின் எடுத்தவங்கள்ல 39 சதவீதம் பேருக்கு வலி போச்சு, டம்மில 6 சதவீதம். செமனு நெனச்சா, 2004ல மூட்டு தேய்மானத்துக்கு டைக்ளோஃபெனாக்கோடயும் டம்மியோடயும் வச்சு பாத்தப்போ டம்மியவே தாண்டல. ஆக இடுப்புக்கு யோசிக்கலாம், முழங்காலுக்கு வேணாம், ஆஸ்பிரின் அலர்ஜி இருந்தா தொடவே வேணாம்.

முழங்காலுக்குனா என் ஓட்டு போஸ்வெல்லியாக்கு, ரெண்டாவது மஞ்சள், பைப்பரின் இல்லாததா. லேபிள்ல ஏகேபிஏ எத்தன சதவீதம்னு போடாம வெறும் 500 மில்லிகிராம்னு மட்டும் இருந்தா வாங்காதீங்க. வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மருந்து எடுக்குறவங்க இந்த நாலுல எதையும் டாக்டர்கிட்ட சொல்லாம ஆரம்பிக்காதீங்க.