எலிகளுக்கான ஐசோஃப்ளூரேன் மேசைக் கருவி: வேப்பரைசர் நம்பகம், மூக்குக் கூம்புதான் குறை

ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க மருந்தை ஆவியாக்கி அளந்து விடும் வேப்பரைசர், ஆக்சிஜன் ஓட்டத்தைக் காட்டும் ஃப்ளோமீட்டர், அக்ரிலிக் மயக்கப் பெட்டி, மூக்குக் கூம்பு, வெளியேறும் ஆவியை உறிஞ்சும் கரி டப்பா எல்லாம் ஒரே செட்டாக வருகிறது. இதை வாங்குவதே வேப்பரைசருக்காகத்தான். 20 டிகிரி அறையில் மூடிய ஜாடிக்குள் ஐசோஃப்ளூரேன் ஆவி 30 சதவீதத்தைத் தாண்டிவிடும். சுண்டெலியை மயக்க 3 முதல் 4 போதும், மயக்கத்தில் வைத்திருக்க 1.5 முதல் 2. பஞ்சில் ஊற்றி ஜாடிக்குள் வைக்கும் பழைய முறையில் விலங்குகள் சட்டென்று செத்துப்போவது இதனால்தான். இந்தக் கருவியில் சதவீதத்தை வைக்கும் டயல் இறுக்கமாக நிற்கிறது, தானாக நகர்வதில்லை.

கெட்டியான பிளாஸ்டிக் மூக்குக் கூம்புதான் பிரச்சினை. வாய் எலி முகத்துக்கு ஏற்ற அளவு, சுண்டெலிக்கு லொடலொடவென்று இருக்கிறது. இடைவெளி வழியே அறைக்காற்று கலந்து மயக்கம் தெளியும், டயலை 3க்கு ஏற்றுவோம். அறுவையின் நடுவே தலை சற்று உள்ளே நகர்ந்து இடைவெளி அடைபட்டால் அதே 3 முழுசாக உள்ளே போய் மூச்சு திணறும். கசியும் ஆவியைச் சுவாசிப்பதும் நாம்தான். கையுறையில் ஒரு துண்டு வெட்டி, கூம்பின் வாயில் விறைப்பாக இழுத்துக் கட்டி, நடுவில் மூக்கு மட்டும் நுழையும் அளவுக்குத் துளை போடுங்கள். கசிவு பெருமளவு நின்றுவிடும். இந்த விலைக்கு இரண்டு அளவுக் கூம்பு கொடுத்திருக்க வேண்டும்.

ஐசோஃப்ளூரேன் ஆவி காற்றைவிடக் கனமானது, பெட்டியின் அடியில் தேங்கும். மூடியைத் திறக்கும் முன் வெறும் ஆக்சிஜனைச் சிறிது நேரம் விட்டு ஆவியை வெளியேற்றுங்கள். கரி டப்பாவின் துளைகள் அடிப்பக்கத்தில் இருக்கின்றன. மேசையில் தட்டையாக வைத்தால் அடைத்துக்கொள்ளும். புதிதில் எடை போட்டு மேலே எழுதிவையுங்கள். 50 கிராம் கூடியதும் மாற்றிவிட வேண்டும்.

சூட்டுப் பட்டை செட்டில் கிடையாது, தனியாக வாங்கியே ஆக வேண்டும். சுண்டெலியின் உடல்சூடு சில நிமிடங்களிலேயே இறங்கும், 37 டிகிரியில் பிடித்து வையுங்கள். கண் திறந்தே கிடக்கும், களிம்பு தடவ மறக்க வேண்டாம். கால்விரலைக் கிள்ளியும் காலை இழுக்காவிட்டால்தான் கத்தியைத் தொடலாம். ஐசோஃப்ளூரேனை நிறுத்தியதும் வலி தெரியும்; ப்யூப்ரெனார்ஃபின் என்ற வலிநிவாரணியை உடல் எடை கிலோவுக்கு 0.05 முதல் 0.1 மி.கி. முன்கூட்டியே தோலடியில் போட்டுவிடுங்கள்.

மருந்து நிரப்பும்போது டயல் பூஜ்யத்தில் இருக்கட்டும். நிரம்பிய வேப்பரைசரைச் சாய்த்துத் தூக்கினால் திரவம் தவறான வழியில் புகுந்து, டயல் காட்டுவதைவிட அதிகம் வெளிவரும். வருடாந்திர அளவுத் திருத்தத்தை யார், எந்த ஊரில் செய்து தருவார்கள் என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.