கலையா, மில்லா? துப்பாக்கித் தொலைநோக்கிக்கு எந்தக் கோண அளவு

நாகர்கோவில் வட்டாரத்தில் இலக்குச் சுடுதலில் புதிதாக இறங்கும் இளைஞர்கள் ரைஃபிளுக்கு ஸ்கோப் வாங்க நினைக்கும்போது பெரும்பாலும் உருப்பெருக்கம் எத்தனை என்றுதான் கேட்கிறார்கள். அதற்கும் முன்னால் தீர்மானிக்க வேண்டியது ஒன்று உண்டு: குண்டு விழுமிடத்தைத் திருத்தும் அதன் திருகுகளும் கண்ணாடிக்குள் தெரியும் குறிக்கோடுகளும் எம்.ஓ.ஏ. (minute of angle) அளவில் இருக்க வேண்டுமா, மில் அளவில் இருக்க வேண்டுமா என்பது. இரண்டுமே கோணத்தை அளப்பவை. குண்டு எத்தனை சென்டிமீட்டர் விலகியது என்பது தூரத்தைப் பொறுத்து அந்தக் கோணத்திலிருந்து பிறக்கும் கணக்கு.

எம்.ஓ.ஏ. என்பது நம் பஞ்சாங்கத்தில் பாகை, கலை, விகலை என்று வரும் வரிசையில் உள்ள கலையேதான். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அது; முழு வட்டத்துக்கு 21,600 கலைகள். குளச்சலிலிருந்தும் சின்னமுட்டத்திலிருந்தும் கடலுக்குப் போகிறவர்கள் பேசும் கடல் மைலும் (1,852 மீட்டர்) அட்சரேகையில் ஒரு கலை அளவுள்ள தூரத்திலிருந்து வந்ததே. ஆகவே இந்த அளவு நமக்கு அந்நியம் என்று சொல்ல மாட்டேன். சிக்கல் அதை நீளமாக மாற்றும்போது எழுகிறது. 100 கெஜத்தில் ஒரு கலை 1.047 அங்குலம், 100 மீட்டரில் 2.91 சென்டிமீட்டர். அந்த 1.047ஐ ஓர் அங்குலம் என்று சுருக்கிச் சொல்லும் பழக்கம் 100 கெஜத்தில் தீங்கு செய்வதில்லை. ஆனால் 1,000 கெஜத்தில் 20 கலை திருத்தம் வைப்பவருக்கு அதே சுருக்கம் 9 அங்குலத்துக்கும் மேற்பட்ட பிழையாக வளர்ந்து நிற்கும்.

மில் என்பது ஒரு ரேடியனின் (வட்டத்தின் ஆரமளவு நீண்ட வில் மையத்தில் தாங்கும் கோணம்) ஆயிரத்தில் ஒரு பங்கு. இதை மெட்ரிக் அளவு என்று பலரும் சொல்வது சரியல்ல. அது வெறும் விகிதம். ஆயிரம் மீட்டரில் ஒரு மீட்டர், ஆயிரம் கெஜத்தில் ஒரு கெஜம், அவ்வளவே. இருப்பினும் மீட்டரில் தூரம் நினைப்பவருக்கு இது கைவந்த கணக்காகிவிடுகிறது: 100 மீட்டரில் ஒரு மில் 10 சென்டிமீட்டர், பொதுவாகக் கிடைக்கும் 0.1 மில் திருகில் ஒரு கிளிக், அதாவது திருகின் ஒரு படி, ஒரு சென்டிமீட்டர். நிலத்தைச் சென்டிலும் வீட்டை அடியிலும் அளக்கும் நாமும் தூரம் என்று வரும்போது மீட்டரில்தான் நினைக்கிறோம். முன்னாள் ராணுவத்தினர் மிகுந்த இம்மாவட்டத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பீரங்கிப் படையினர் பழகிய மில் வட்டத்தை 6,400 பங்காக்குவது. ரேடியன் வழி வரும் மில்லோ வட்டத்துக்கு ஏறத்தாழ 6,283. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தூரத்தை மதிப்பிடுவதில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரியும். மில் கோடுகள் பதித்த கடல் பைனாகுலரோடு குமரி முனைக்கு அப்பால் படகில் இருப்பதாகக் கொள்வோம். பீடத்தோடு சேர்த்து 133 அடி, அதாவது ஏறத்தாழ 40.5 மீட்டர் உயரமுள்ள திருவள்ளுவர் சிலை 20 மில் உயரம் காட்டுகிறது. 40.5ஐ ஆயிரத்தால் பெருக்கி 20ஆல் வகுத்தால் 2,025 மீட்டர்; தாளும் பேனாவும் வேண்டியதில்லை. அதே உயரம் கலையில் சுமார் 68.8. இப்போது சிலையின் உயரத்தை அங்குலமாக்கி, விடையைக் கெஜத்தில் தரும் 95.5 என்ற மாற்றெண்ணால் பெருக்கி, 68.8ஆல் வகுத்து, கிடைக்கும் கெஜத்தை மீட்டராக்க வேண்டும். விடை ஒன்றுதான் என்றாலும், அலையில் ஆடும் படகிலோ, ஆரல்வாய்மொழிக் காற்று மணலை வாரி இறைக்கும் திடலிலோ இந்த இரண்டாம் கணக்கைப் போட யாருக்கும் பொறுமை இருக்காது.

நுண்மையில் கலையின் கை ஓங்குகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பன்னாட்டு விதிப்படி 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். அந்தப் போட்டியில் தொலைநோக்கிக்கு இடமில்லை. ஆனால் அதே தாளை வைத்து ஸ்கோப்போடு பயிற்சி செய்பவர்கள் உண்டு. அங்கே கால் கலைத் திருகின் ஒரு கிளிக் 3.6 மில்லிமீட்டர் நகர்த்தும், 0.1 மில் கிளிக் 5 மில்லிமீட்டர், அதாவது வளையத்தில் ஏறத்தாழப் பாதி. ஒரே தூரத்தில் நின்று ஒரே தாளைச் சுடுபவருக்குக் கால் கலையோ, அதனினும் நுண்ணிய அரைக்கால் கலையோ கொண்ட திருகையே பரிந்துரைப்பேன். தூரம் மாறிக்கொண்டே இருக்கும் சுடுதலுக்கு, அருகிலிருந்து விழுமிடம் பார்த்துச் சொல்லும் துணைவரும் இருந்தால், தயங்காமல் மில்லையே சொல்வேன். ஒரே திருத்தத்தைக் கலையில் "28.5" என்பதைவிட மில்லில் "8.3" என்பது காதில் விழவும் கையால் திருகவும் எளிது.

நான் முதலில் வாங்கிய ஸ்கோப்பில் கண்ணாடிக்குள் மில் புள்ளிகள்; வெளியே திருகுகளில் கால் கலை. விற்றவர் அதைச் சொல்லவுமில்லை, எனக்குக் கேட்கத் தெரியவுமில்லை. 1.5 மில் தாழ்வாக விழுந்த குண்டை உயர்த்த 15 கிளிக் திருகினால் போதும் என்று நம்பினேன். உண்மையில் ஒரு மில்லுக்கு 3.44 கலை என்பதால் 1.5ஐ 3.44ஆல் பெருக்கி, வரும் 5.16 கலையை நான்கால் பெருக்கி, 21 கிளிக் திருகியிருக்க வேண்டும். ஒரு மாலை முழுவதும் என் மூச்சையும் விரலையும் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். கலையோ மில்லோ, கோடும் திருகும் ஒரே அளவில் இல்லாத ஸ்கோப்பை விலை குறைவென்று யாரும் வாங்க வேண்டாம். முன் குவியத் தளத்தில், அதாவது உருப்பெருக்கத்தோடு சேர்ந்து தாமும் பெரிதாகும்படி, கோடுகள் அமைந்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்தக் கோடுகளின் அளவு குறிப்பிட்ட ஓர் உருப்பெருக்கத்தில் மட்டுமே மெய்யாகும்.

வாங்கியபின் 100 மீட்டரை நாடாவால் அளந்து, உயரமான அட்டையில் தூக்குநூல் பிடித்து நேர்க்கோடு ஒன்று வரைந்து, துப்பாக்கியை அசையாமல் இறுகப் பிணைத்து, ஸ்கோப் வழியே பார்த்தபடி திருகிப் பாருங்கள். 10 மில்லுக்குக் குறுக்குக்கோடு சரியாக ஒரு மீட்டர் நகர வேண்டும். கலைத் திருகானால் 30 கலைக்கு 87.3 சென்டிமீட்டர் நகர வேண்டும்; 83.3 வந்தால், அந்தத் திருகு கலை என்ற பெயரில் நூறு கெஜத்துக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் செய்யப்பட்டது.