டா வின்சி எக்ஸ்.ஐ: நோயாளி பக்கம் நிற்பவளின் பார்வையில்

கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் அறுவை சிகிச்சை அறையில் தாதியாக வேலை. டா வின்சி எக்ஸ்.ஐ என்ற அறுவை சிகிச்சை ரோபோ வந்ததிலிருந்து அதோடுதான் பிழைப்பு. கன்சோலில், அதாவது ரோபோவை இயக்கும் மேசையில், உட்காரும் டாக்டர்கள் இதைப் பற்றி நிறையவே பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்தது நோயாளி படுத்திருக்கும் மேசை ஓரத்துக் கதை.

"ரோபோவா என்னை அறுக்கப் போவுது, மிஸி?" இப்படிக் கேட்காத அங்கிள் இல்லை. 2004லேயே கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் தொடங்கிவிட்ட சிகிச்சை இது, பயம்தான் இன்னும் புதுசாக இருக்கிறது. "டாக்டர் கை அசைஞ்சாதான் அது அசையும் அங்கிள்" என்பேன். கை மட்டுமல்ல, உள்ளே நடப்பதைப் பார்க்கும் வியூவரிலிருந்து டாக்டர் தலையை எடுத்தாலே சென்சார் கண்டுகொள்ளும், உள்ளே கருவிகள் அப்படியே நின்றுவிடும். இந்த மெஷினில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

கை நடுக்கத்தை வடிகட்டிவிடுகிறது. அசைவை 3:1 என்று வைத்தால், டாக்டர் கை 3 சென்டிமீட்டர் போக, கருவி முனை 1 சென்டிமீட்டர்தான் போகும். ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பியை எடுத்துவிட்டு, இடுப்புக் குழிக்குள் சிறுநீர்ப்பையையும் சிறுநீர் வெளியேறும் குழாயையும் சேர்த்துத் தைக்கும்போது இதன் அருமை தெரியும். ரோபோ இல்லாமல் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில் அந்த மூலையில் ஊசியைத் திருப்பப் படும் பாடு கொஞ்சமல்ல. இங்கே கருவி மணிக்கட்டு மாதிரி வளைந்து கொடுக்கிறது.

ஆனால் தொடு உணர்வு கிடையாது. நூல் எவ்வளவு இறுகுகிறது என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். பழகிய டாக்டர் திசு வெளுப்பதைப் பார்த்தே நிறுத்திவிடுவார், புதியவர் இழுத்தால் மெல்லிய நூல் அறுந்துவிடும். 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டா வின்சி 5க்கு விசையை உணர்த்தும் கருவிகள் உண்டு. அது எங்கள் அறைக்கு எப்போது வருமோ!

ரோபோவின் நான்கு கைகளுக்கும் உறை போர்த்துவது, நோயாளி உடலில் செருகிய துளைக்குழாய்களோடு பூட்டுவது எல்லாம் எங்கள் தலையில். பூட்டிய பிறகு, ரோபோவோடு கூடவே நகரும் மேசை இல்லாத அறையில், சாய்வை மாற்ற வேண்டுமானால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அதனால் படுக்க வைப்பதிலேயே நேரம் போனாலும் நான் அவசரப்பட மாட்டேன். டாக்டர் முகம் வியூவருக்குள் இருப்பதால் சாடை காட்டிப் பயனில்லை. "ஊசி வெளியே வந்துடுச்சி டாக்டர்" என்று வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். கருவி மக்கர் செய்தால் அதன் வாயைக் கையால் திறக்க ஒரு குட்டிச் சாவி உண்டு. அது தள்ளுவண்டியில் இருக்கிறதா என்று பார்க்காமல் நான் கையுறை போடுவதில்லை.

டாக்டர் வீட்டிலிருந்தே செய்வாரா என்றும் கேட்கிறார்கள். 2001இல் டாக்டர்கள் நியூயார்க்கில் இருந்தபடி, பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் படுத்திருந்த பெண்ணின் பித்தப்பையை ஜீயஸ் என்ற ரோபோ மூலம் எடுத்தது நிஜம். எங்கள் டாக்டர் உட்காருவது அதே அறையில்தான், சில அடி தள்ளி.

செலவு? ஒவ்வொரு கருவிக்கும் இத்தனை முறைதான் என்று கணக்கு உண்டு. கத்தரி நன்றாக வெட்டினாலும், கணக்கு முடிந்தால் மெஷின் ஏற்காது. பில்லைப் பார்த்து முகம் மாறும் குடும்பங்களிடம் இதையும் சொல்லிவிடுகிறேன்.