மனிதவளத் திட்டம்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் என் மதிப்பீடு

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலும் கடலூர் சிப்காட்டிலும் பிரிவுகளை வைத்திருக்கும் ஓர் அட்டைப்பெட்டித் தயாரிப்பு நிறுவனத்தில் பணியாளர் நிர்வாகத்தைக் கவனிக்கிறேன். சில ஆண்டுகளாக நாங்கள் கடைப்பிடித்துவரும் மனிதவளத் திட்டத்தில் எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்பதை இங்கே பகிர்கிறேன்.

இன்றுவரை நிலைத்திருப்பது திறன் அட்டவணைதான். எந்த ஆப்பரேட்டர் எந்த இயந்திரத்தைத் தனியாக ஓட்டுவார், யாருக்குத் துணை தேவை, யாருக்கு டை (அட்டையை வெட்டும் அச்சு) மாற்றத் தெரியும் என்பதை ஷிப்டுவாரியாக எழுதி சூப்பர்வைசரின் மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறோம். வரவிருக்கும் ஆர்டர்களோடு அதை ஒப்பிட்டால், "ஆள் பத்தவில்லை" என்ற வழக்கமான புகாருக்குப் பின்னால், இரவு ஷிப்டில் அந்த இயந்திரம் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் என்பது தெரியவரும். இரண்டாவது இயந்திரத்தைக் கற்றுத் தேறினால் சம்பள உயர்வு, கற்றுக்கொடுத்தவருக்கும் ஒரு தொகை என்று எழுத்தில் கொடுத்த பிறகே மூத்தவர்கள் தொழிலைச் சொல்லிக்கொடுக்க முன்வந்தார்கள்.

அதிலும் ஒரு சிக்கல் வந்தது. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கான ஊதிய வரம்பு 2017 முதல் 21,000 ரூபாயாக இருந்ததால், உயர்வு பெற்று வரம்பைத் தாண்டுபவரின் குடும்பம் சில காலத்துக்குப் பின் அந்த மருத்துவப் பாதுகாப்பை இழக்க நேர்ந்தது. அத்தகையவர்களுக்கு நிறுவனச் செலவில் குழுக் காப்பீடு எடுத்த பின்னரே உயர்வு உண்மையான உயர்வாகத் தெரிந்தது.

இரு பிரிவுகளுக்கும் ஒரே கையேடு சரிவரவில்லை. குறைந்தபட்ச ஊதியத்தை இரு அரசுகளும் தனித்தனியே அறிவிக்கின்றன. புதுச்சேரி விடுதலை நாளான நவம்பர் 1 அங்கே விடுமுறை, கடலூரில் வேலைநாள். ஆவணி முகூர்த்த நாளில் திருவந்திபுரம் கோயிலில் கல்யாணம் என்று கடலூர் பிரிவில் வரிசையாக விடுப்புக் கேட்பார்கள். அதை ஒழுங்கீனமாகக் கருதாமல், பஞ்சாங்கத்தைப் பார்த்து உற்பத்தியைத் திட்டமிடுகிறோம். (வருகைப்பதிவு மென்பொருள் விற்க வந்த ஆலோசகர் இதைக் கேட்டுச் சிரித்தார்.)

ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தால் பயனில்லை. ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், மனத்தாங்கல் எதற்கு என்று எல்லோருக்கும் மூன்று போட்டுவிடுகிறார்கள். அதைக் கைவிட்டுவிட்டோம். காண்டிராக்ட் தொழிலாளர்கள் இன்னும் திறன் அட்டவணைக்குள் வரவில்லை. பேக்கிங் பிரிவில் பாதி வேலை அவர்கள் கையில் இருப்பதால், இப்போதைக்குத் திட்டத்தின் பெரிய குறை அதுதான்.