மலையக வீதிகளில் ஓடும் காருக்குக் கிளே பார்: பல ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

காரின் பெயின்ட் சொரசொரப்பாகி ஒளி குன்றியவுடன் அதனைக் ‘கட் அண்ட் பொலிஷ்’ செய்யக் கொடுத்துவிடுவதே இலங்கையின் மலையகத்தில் பலரது வழக்கமாக இருக்கிறது. அப்படிக் கொடுக்கப்படும் வாகனங்கள் பலவற்றுக்கு அந்த வேலை தேவைப்படுவதில்லை என்பதும், பெயின்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் பிசைகட்டியான கிளே பார் ஒன்றும் பொறுமையான ஒரு முற்பகலும் அவற்றுக்குப் போதும் என்பதும், தலவாக்கலையில் கருநீலக் கொரோலா ஒன்றைப் பல ஆண்டுகளாக வைத்துப் பராமரித்துவரும் எனது உறுதியான கருத்து. 2020 ஆம் ஆண்டில் நிறுத்திவைக்கப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கையிலிருக்கும் காரை இன்னும் பத்தாண்டு ஓட்ட வேண்டியிருக்கும் என்ற எண்ணத்துடன்தான் பெயின்டைக் காப்பது பற்றித் தீவிரமாகச் சிந்திக்கத் தொடங்கினேன்.

தொழிற்சாலையில் பூசப்படும் பெயின்ட் அடுக்குகள் அனைத்தும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் வரையில்தான் இருக்கும். அதில் மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட் ஏறத்தாழ 40 அல்லது 50 மைக்ரோன் மட்டுமே. ஒரு தலைமுடியின் தடிப்பைவிடக் குறைவு. வெயிலின் புறஊதாக் கதிரைத் தாங்குவது அந்த அடுக்குத்தான். உயரமான இடங்களில் புறஊதாக் கதிரின் வீச்சு சமவெளியைவிட அதிகம் என்பதால், குளிர்ந்த காற்றில் வெயில் உறைக்காதபோதும் பெயின்ட் அதற்கு இரையாகிக்கொண்டே இருக்கிறது. கட் அண்ட் பொலிஷ் என்பது இந்தக் கிளியர் கோட்டைச் சிறிது சிறிதாகத் தேய்த்து எடுப்பதன் மூலம் கீறல்களை மறைக்கும் வேலை. தேய்த்து எடுத்ததைத் திரும்ப வைக்க வழியில்லை. எனவே மேலே ஒட்டியிருக்கும் அழுக்கை அகற்றுவதற்காக அந்த அடுக்கையே செலவழிப்பது எனக்கு ஒப்பவில்லை.

கிளே பார் மண்ணிலிருந்து எடுக்கப்படும் களி அன்று. பொலிபியூட்டீன் போன்ற செயற்கைப் பல்பகுதியங்களுடன் மிக நுண்ணிய உராய்வுத் துகள்களைக் கலந்து பிசைந்த, கையால் வளைக்கக்கூடிய ஒரு கட்டி அது. ஜப்பானில் உருவான இதற்கு டடாவோ கொடாடே என்பவர் பெயரில் 1995 ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. இது வேலை செய்யும் முறை எளிமையானது. பெயின்டின் மீது வழுக்கும் திரவத்தைத் தெளித்துக் கட்டியை மெதுவாக நகர்த்தும்போது, திரவப் படலம் கட்டியைப் பரப்பிலிருந்து சற்றே உயர்த்தி வைத்திருக்கிறது. பரப்புக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் துகள்கள் மாத்திரம் கட்டியில் சிக்கி அறுபட்டு வருகின்றன. இதை விளங்கிக்கொண்டால் கிளே பாரால் எது முடியும், எது முடியாது என்பதும் விளங்கிவிடும். துருத்திக்கொண்டிருப்பதை அது எடுக்கும். பெயின்டுக்குள் இறங்கிவிட்ட கீறலையும், பறவை எச்சம் அரித்த தழும்பையும், வெயிலில் வெளுத்து உரியத் தொடங்கிய கிளியர் கோட்டையும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

எங்கள் பகுதி வாகனங்களில் ஒட்டுவது எது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கொழும்பில் ஓடும் காருக்கும் இங்கே ஓடும் காருக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதில்தான் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கினாலும், ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கீழே போனாலும் பிரேக்கில் வைத்த காலை எடுக்க முடியாத வளைவுகள் தொடர்ந்து வரும். பிரேக் தட்டிலிருந்தும் பேட்டிலிருந்தும் தேய்ந்து பறக்கும் இரும்புத் துகள்கள் சூடாகவே வந்து பெயின்டில் பதிகின்றன. மூடுபனியின் ஈரத்தில் அவை துருப்பிடித்து, பரப்பை இறுகப் பற்றிக்கொள்கின்றன. முன்சில்லுக்குப் பின்னால் உள்ள மட்காட், கதவின் கீழ்ப்பகுதி, பின் பம்பர் ஆகிய இடங்களே அதிகம் பாதிக்கப்படும். என்னுடைய கருநீலக் காரில் இது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். மைத்துனரின் வெள்ளை வேனிலோ செம்மஞ்சள் புள்ளிகளாகத் தெளிவாகவே தெரிந்தது. பெயின்ட் உள்ளிருந்து துருப்பிடிக்கிறதோ என்று அவர் கவலைப்பட்டுக் கொண்டிருந்தார். கிளே செய்தபின் அந்தப் புள்ளிகளில் மிகச் சில தவிர மற்றவை அனைத்தும் போய்விட்டன. இறக்கத்தில் இரண்டாம் கியரில் இறங்கினால் பிரேக்கும் மிஞ்சும், பெயின்டும் மிஞ்சும் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நானுஓயா, ஹட்டன் போன்ற புகையிரத நிலையங்களின் அருகில் நாள் முழுவதும் காரை நிறுத்திவைப்பவர்களுக்கும் இதே பிரச்சினை இன்னொரு வகையில் வரும். தண்டவாளமும் சக்கரமும் உரசுவதில் எழும் இரும்புத் தூசு அங்கே காற்றில் இருக்கிறது. இவை தவிர பைனஸ் மரத்தின் பிசின், யூக்கலிப்டஸ் மரங்களுக்குக் கீழே நிறுத்தினால் படியும் ஒட்டும் படலம், புதிதாகத் தார் போட்ட வீதியின் கரும்புள்ளிகள், ஏற்றத்தில் முன்னே போகும் லொறியும் பஸ்ஸும் விடும் டீசல் கரி என்று பட்டியல் நீளும்.

வேலையைத் தொடங்குமுன் காரை நன்றாகக் கழுவ வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். எங்கள் பகுதியில் அதை இருமுறை செய்வது நல்லது. தோட்டப் பாதைகளின் செம்மண்ணிலும் கருங்கல் தூளிலும் கடினமான மணற்பொடிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கட்டியில் புதைந்துவிட்டால் போகும் வழியெல்லாம் கோடு கிழிக்கும். தாரையும் பிசினையும் கிளே கொண்டு எடுக்க முயல வேண்டாம். அவை கட்டியில் கரைந்து பரவி, கட்டியையே பாழாக்கிவிடும். தாரை அதற்குரிய கரைப்பானாலும், பிசினை ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த துணியைச் சிறிது நேரம் மேலே வைத்து இளகச் செய்தும் முதலில் அகற்றிவிட்டு, அந்த இடங்களை மீண்டும் கழுவுவதே முறை.

அடுத்து இரும்பு நீக்கித் திரவம். தயோகிளைக்கொலேற்று உப்பு கலந்த இந்தத் திரவத்தைத் தெளித்தால், இரும்புத் துகள் உள்ள இடமெல்லாம் ஊதா நிறமாக ஒழுகும். நாற்றம் கடுமையானது, மூடிய கராஜில் செய்யக்கூடாது, கையுறை அணிய வேண்டும், காயவிடாமல் கழுவிவிட வேண்டும். இந்தப் படியைச் சேர்த்துக்கொண்ட பிறகு கிளே பாரை அழுத்தித் தேய்க்க வேண்டிய தேவை வெகுவாகக் குறைந்தது. அதிக இறக்கங்களில் ஓடும் வாகனத்துக்கு இந்தச் செலவைத் தவிர்க்கச் சொல்ல மாட்டேன்.

கிளே செய்யும்போது குளிர் ஒரு தடையாகவும் மூடுபனி ஓர் உதவியாகவும் வருகின்றன. காலைக் குளிரில் கட்டி கல்லைப் போல இறுகியிருக்கும். அந்த நிலையில் தேய்த்தால் மெல்லிய உராய்வுத் தடங்கள் விழும். இளஞ்சூடான நீருள்ள பாத்திரத்தில் சிறிது நேரம் போட்டுவைத்து, கையால் பிசைந்து, உள்ளங்கைக்கு அடங்கும் தட்டையாக்கிய பிறகே பயன்படுத்துகிறேன். மேகம் மூடிய நாளில் பெயின்ட் குளிர்ந்திருப்பதால் தெளித்த திரவம் காய்வதில்லை. சமவெளியில் வெயிலில் செய்பவர்கள் படும் அவசரம் இங்கே இல்லை. வழுக்கும் திரவமாகக் கடைகளில் விற்கும் ஸ்பிரேயும் பயன்படுத்தியிருக்கிறேன், கார் ஷம்புவைச் சற்றுக் கூடுதலாகக் கலந்த நீரும் பயன்படுத்தியிருக்கிறேன். தாராளமாக ஊற்றினால் இரண்டிலும் வேறுபாடு தெரியவில்லை என்பதால் இப்போது ஷம்பு நீரே போதுமென்று இருக்கிறேன்.

இரண்டடிக்கு இரண்டடிப் பரப்பை எடுத்துக்கொண்டு, நன்றாக நனைத்து, கட்டியின் பாரம் மட்டும் பரப்பில் படும்படி நேர்கோடுகளில் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். தொடக்கத்தில் கரகரவென்ற சத்தமும் சிறு தடையும் இருக்கும். சில நகர்த்தல்களில் சத்தம் அடங்கி, கட்டி தடையின்றி வழுக்கும். அத்துடன் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் தேய்ப்பதில் பயனில்லை. மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தபின் மெல்லிய ஷொப்பிங் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பார்த்தால், வெறும் விரலுக்குத் தெரியாத மிச்சங்களும் தெரியும். கட்டியின் முகம் கறுத்ததும் மடித்துப் பிசைந்து புதிய முகத்தை வெளியே கொண்டுவர வேண்டும். நிலத்தில் விழுந்த கட்டியை, அது எவ்வளவு புதிதாக இருந்தாலும், மீண்டும் பெயின்டில் வைக்கவே கூடாது. இதனால்தான் 200 கிராம் கட்டியை முழுதாகப் பயன்படுத்தாமல் நான்காக வெட்டி, ஒரு துண்டை மட்டும் கையில் எடுப்பது நல்லது.

பல ஆண்டுகளின் பின் காரில் காணும் பலன் இதுதான். பொனட்டிலும் கூரையிலும் பெயின்ட் கண்ணாடி போல வழுவழுப்பாக இருக்கிறது. மழைநீர் தேங்காமல் உருண்டு ஓடுகிறது. வாராந்தம் கழுவும் நேரம் பாதியாகக் குறைந்திருக்கிறது, ஏனெனில் சேறு பற்றிக்கொள்ளப் பரப்பில் எதுவும் இல்லை. நிறம் ஆழமாகத் தெரிவதும் உண்மை. ஆனால் கதவுப் பிடியைச் சுற்றியுள்ள நகக்கீறல்களும், தேயிலைச் செடிகள் உரசிய கோடுகளும் அப்படியேதான் இருக்கின்றன. சொல்லப்போனால் அழுக்கு நீங்கியதும் அவை முன்னைவிடத் தெளிவாகத் தெரிகின்றன. அந்தக் கோடுகள் பொறுக்க முடியாதவையாக இருக்கும் இடத்தில் மட்டும் பொலிஷ் செய்தால் போதும். முழுக் காரையும் தேய்க்க வேண்டியதில்லை.

நான் எதிர்பார்த்ததைவிட அதிகப் பயன் கிடைத்தது முன்கண்ணாடியில். டீசல் கரியும் வீதியின் எண்ணெய்ப் பசையும் சேர்ந்த படலம் கண்ணாடியில் படிந்திருந்தால், இரவில் மூடுபனிக்குள் எதிரே வரும் வாகனத்தின் வெளிச்சம் சிதறிப் பார்வையை மறைத்துவிடும். சோப்பு நீரால் போகாத அந்தப் படலம் கிளே பாரால் போகிறது, வைப்பரின் கிறீச்சிடலும் நின்றுவிடுகிறது. கண்ணாடி பெயின்டைவிட மிகக் கடினமானது என்பதால் பெயின்டுக்கு உதவாத பழைய துண்டே அதற்குப் போதும். பெயின்டைப் பற்றி அக்கறை இல்லாதவர்கள்கூட இரவில் ஹட்டன் வீதியில் ஓட்டுபவர்களாக இருந்தால் கண்ணாடிக்காகவேனும் ஒரு கட்டி வாங்கலாம். கண்ணாடிக்கும் சில்லுக்கும் பயன்படுத்திய துண்டு மீண்டும் பெயின்டுக்கு வரக்கூடாது.

கிளே செய்த பெயின்டில் பழைய வெக்ஸும் போய்விடுகிறது. அதே நாளில் புதிய பாதுகாப்பைப் பூசாமல் விட்டால் செய்த வேலை சில வாரங்களில் வீணாகும். கார்னூபா வெக்ஸ் அழகான ஒளி தரும், ஆனால் எங்கள் மழைக்கு நின்றுபிடிக்காது; செயற்கை சீலன்ட் பல மாதம் தாங்குகிறது. ஆண்டுக்கு ஒருமுறை கிளே செய்தால் போதும், காலத்தைத் தெரிவு செய்வதில்தான் கவனம் வேண்டும். தலவாக்கலை, ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துக்குப் பெப்ரவரியும் மார்ச்சும் ஏற்றவை. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை வருமுன் சீலன்ட் இறுகிவிடும். பண்டாரவளை, பதுளைப் பக்கத்தில் வடகீழ்ப் பருவமழையே பெரியது என்பதால் அங்குள்ளவர்கள் ஓகஸ்ட் அல்லது செப்டெம்பரில் செய்வது பொருந்தும்.

கட்டியைத் தெரிவு செய்வதில், முதன்முறை வாங்குபவர் எந்த நிறுவனத்துடையதாயினும் மென்மையான வகையையே வாங்க வேண்டும். கடினமான வகை விரைவாக வேலை செய்யும், ஆனால் ஜப்பானியக் கார்களின் கறுப்பு, கருநீலப் பெயின்டில் புகைபடிந்தது போன்ற மங்கலை விட்டுச் செல்லும்; அதைப் போக்கப் பின்னர் பொலிஷ் செய்தே ஆக வேண்டும். கையுறை வடிவில் வரும் கிளே மிட் வேன் போன்ற பெரிய வாகனங்களுக்கு வசதியானது. கீழே விழுந்தால் கழுவிப் பயன்படுத்தலாம் என்பதும் அதன் பலம், ஆனால் வளைவுகளிலும் விளிம்புகளிலும் கட்டி தரும் கைப்பிடி அதில் கிடைப்பதில்லை.

பளபளப்பில்லாத மெற் பெயின்டில் கிளே செய்யக்கூடாது, அங்கங்கே பளபளப்பு ஏறித் திட்டுத் திட்டாகிவிடும். செராமிக் பாதுகாப்புப் பூச்சு இட்ட காருக்கு இரும்பு நீக்கித் திரவம் மட்டும் பெரும்பாலும் போதும். கிளியர் கோட் இல்லாத ஒற்றை அடுக்குப் பெயின்டுள்ள பழைய கார்களில், குறிப்பாக நுவரெலியாவில் இன்றும் ஓடும் மொரிஸ் மைனர் போன்றவற்றில், கட்டியில் காரின் நிறமே சிறிது ஒட்டி வரும். வெயிலில் மக்கிய மேற்பரப்பு வருகிறது என்பதே அதன் பொருள், அஞ்சத் தேவையில்லை. ஆயினும் பலமுறை மறுபூச்சுக் கண்ட வாகனங்களில் பெயின்ட் எங்கே எவ்வளவு பற்றியிருக்கிறது என்பதை வெளியிலிருந்து அறிய முடியாது. ஆதலால் டிக்கி மூடியின் உட்புற விளிம்பு போன்ற மறைவான ஓரிடத்தில் முதலில் செய்து பார்த்து, பூச்சு பெயராமல் நிற்கிறதா என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே பொனட்டுக்கு வர வேண்டும்.