குடையைக் காணோம்: ஒன்பது வருடக் கறுப்பு வெள்ளை அனுபவம்

ஒன்பது வருடமாக நான் எடுக்கும் படங்களில் முக்கால்வாசி கறுப்பு வெள்ளைதான். இதற்குள் கேமரா ஒருமுறை மாறியது, மென்பொருள் இரண்டு முறை மாறியது, பிரிண்டர் ஒன்று ஆயுள் முடிந்து போனது. எந்தக் கேமரா வாங்கலாம் என்று தேடி வந்தவர்களுக்கு இதில் பெரிதாக எதுவும் கிடைக்காது. எது கடைசிவரை கைகொடுத்தது, எதில் நேரமும் தாளும் வீணாய்ப் போனது என்பதைச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எல்லாரும் கேமராவில் தொடங்கிச் சுவரில் முடிப்பார்கள். நான் சுவரில் தொடங்குகிறேன். எனக்குப் புத்தி வந்தது அந்த வரிசையில்தான்.

முதன்முதலில் பெரிதாக அச்சிட்டு மாட்டிய படம் தாத்தாவுடையது. வாசற்படியில் உட்கார்ந்து, அறுந்த செருப்பு வாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் சுவரோடு சாத்திய கறுப்புக் குடை. திரையில் அந்தக் குடைத்துணியின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. உள்ளே கம்பி முட்டும் இடங்களில் மெல்லிய பளபளப்புகூட இருந்தது. வெளியே ஒரு லேபில் கொடுத்து அச்சிட்டு வாங்கினேன். குடை இருந்த இடத்தில் கரிக்கட்டை மாதிரி ஒரு திட்டு. தாத்தா வெகுநேரம் பார்த்துவிட்டு, “எல்லாம் சரிப்பா, குடையைக் காணோமே?” என்றார்.

லேபைத் திட்டினேன். அவர்களும் முகம் சுளிக்காமல் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தார்கள். அதே கரி. தப்பு என் பக்கம் என்று புரிய மூன்று மாதம் ஆனது. என் திரையின் வெளிச்சம் முழு அளவில் இருந்தது. அந்த வெளிச்சத்தில் எந்த நிழலும் தெளிவாகத்தான் தெரியும். அதை நம்பி நிழலை இன்னும் அழுத்தியிருக்கிறேன். இப்போது அளவுக் கருவி வைத்து, திரையின் வெள்ளையை சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா அளவில் நிறுத்தியிருக்கிறேன். கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டு வெள்ளையும் ஏறத்தாழ ஒன்றாகத் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி தாளில் இருக்கிறது. பளபளப்பில்லாத மேட் தாளில் எவ்வளவு மை விழுந்தாலும், அந்தக் கறுப்பு தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 2 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பழைய இருட்டறைத் தாள் போல லேசான பளபளப்புள்ள நல்ல பரைட்டா தாளில் அது அரை சதவீதம் அளவுக்கு இறங்கும். கேட்பதற்குச் சின்ன வித்தியாசம். ஆனால் மேட் தாளில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள இடைவெளி நாற்பது, ஐம்பது மடங்குதான். சாதாரணத் திரையிலேயே அது ஆயிரம் மடங்கு. ஆயிரத்தை ஐம்பதுக்குள் அடைக்கும்போது எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விடுவது என்று நாம் முடிவு செய்யாவிட்டால் குடைதான் முதலில் போகும்.

அதனால் புதுத் தாள் வந்தால் படத்தை அச்சிடுவதற்கு முன் ஒரு பட்டை அச்சிட்டுப் பார்ப்பேன். 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை என்ற அளவில் 0, 4, 8, 12 என்று சிறு கட்டங்கள்; ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் வெளுத்திருக்கும். ஜன்னலோரம் கொண்டுபோய், எந்தக் கட்டத்திலிருந்து வித்தியாசம் தெரிகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே எண்ணுவேன். நான் அதிகம் பயன்படுத்தும் மேட் தாளில் 12 வரை எல்லாம் ஒரே கறுப்பு. ஆக, அந்தத் தாளுக்குப் போகும் படத்தில் நான் தெரிய வேண்டும் என்று நினைக்கும் எல்லாம் 12க்கு மேலேதான் இருக்க வேண்டும். இந்தப் பத்து நிமிட வேலை எனக்கு மிச்சப்படுத்திய தாளுக்குக் கணக்கில்லை.

இன்னொரு ஏமாற்று வேலை, படத்தைச் சுற்றி இருக்கும் நிறம். ஒரே சாம்பலைக் கறுப்புப் பின்னணியில் வைத்தால் வெளிறித் தெரியும், வெள்ளையில் வைத்தால் கறுத்துத் தெரியும். பார்வை பற்றி ஆராயும் எட்வர்ட் அடெல்சன் 1995இல் வெளியிட்ட சதுரங்கப் பலகைப் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள்: ஒன்று வெளிர், ஒன்று அடர் என்று அடித்துச் சொல்வோம், அளந்தால் இரண்டு கட்டமும் ஒரே சாம்பல். நாம் எடிட் செய்வது கிட்டத்தட்ட கறுப்பான திரைப் பின்னணியில், மாட்டுவதோ படத்தைச் சுற்றி வரும் வெள்ளை மவுண்ட் அட்டைக்குள். இது தெரிந்தபிறகு லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் படத்துக்கு வெளியே உள்ள இடத்தில் வலது சொடுக்கிப் பின்னணியை வெள்ளையாக்கிக்கொள்வேன். டார்க்டேபிள் என்ற இன்னொரு மென்பொருளில் கன்ட்ரோலும் பி எழுத்தும் அழுத்தினால் படத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் வரும். எடிட் முடிந்தது என்று நினைக்கும் நேரத்தில் இதைச் செய்து பாருங்கள். பெரும்பாலும் முடிந்திருக்காது.

மாட்டுவதில் நான் பட்ட அனுபவம் ஒன்று. பிரிண்டரிலிருந்து வந்த சூட்டோடு ஒரு படத்தை ஃபிரேம் போட்டேன். இரண்டு வாரத்தில் கண்ணாடியின் உட்புறம் பனி படிந்தது போல ஒரு மூட்டம். மையில் உள்ள ஆவியாகும் பொருள் வெளியேற இடமில்லாமல் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வதுதான் காரணம். இப்போது மேலே ஒரு வெற்றுத் தாளைப் போட்டு ஒரு நாளாவது வைத்திருந்துதான் உள்ளே போடுகிறேன். அமிலமில்லாத அட்டை, நேர் வெயில் படாத சுவர் இதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் இருண்ட படத்தை மாட்டாதீர்கள். கறுப்பு அதிகமுள்ள படத்துக்குக் கண்ணாடி போட்டால் அது முகம் பார்க்கும் கண்ணாடிதான். படத்தின் நடு தரையிலிருந்து 145 சென்டிமீட்டர் உயரத்தில் வருமாறு மாட்டுகிறேன்; நின்று பார்க்கக் கழுத்து வலிக்காது.

வீட்டிலேயே அச்சிடுவது பற்றிக் கேட்டால் என் பதில் வாராவாரம் மாறும். நன்மை பெரிது. வண்ண மைகளைக் கலந்து சாம்பலை உண்டாக்கும் பிரிண்டரில், பகலில் சுத்தச் சாம்பலாக இருக்கும் படம் இரவில் விளக்கடியில் லேசாகப் பச்சையோ ஊதாவோ அடிக்கலாம். கறுப்போடு இரண்டு மூன்று சாம்பல் மையும் தனியாக வைத்திருக்கும் பிரிண்டரில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. ஆனால் பிக்மென்ட் மை (நுண்ணிய நிறத்துகள் கலந்த மை) பிரிண்டர் வீட்டில் வளர்க்கும் செடி மாதிரி. நான் இரண்டு மாதம் திரும்பிப் பார்க்காமல் விட்டேன், மை தெளிக்கும் ஹெட் காய்ந்து அடைத்துக்கொண்டது. சுத்தம் செய்யும் கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுத்ததில் மைதான் தீர்ந்தது, அடைப்பு தீரவில்லை. முன்னே சொன்ன ‘ஆயுள் முடிந்த பிரிண்டர்’ இதுதான். வாரம் ஒரு சின்னப் படமாவது அச்சிட முடியாதவர்கள் லேபிலேயே கொடுத்துவிடுவது நல்லது.

சரி, எடிட்டிங். தொடக்கத்தில் நான் செய்தது வண்ணத்தை உறிஞ்சி எடுப்பது மட்டும்: சாச்சுரேஷனை, அதாவது நிறச் செறிவை, பூஜ்யத்துக்கு இழு, முடிந்தது வேலை. பச்சை வேலிக்கு முன்னால் சிவப்புச் சட்டை போட்ட பையன் ஒருவன். கண்ணுக்குச் சட்டை தீ மாதிரி எரிந்தது. மாற்றிய படத்தில் சட்டையும் வேலியும் ஒரே சாம்பலாகி, தலை மட்டும் மிதந்தது. மென்பொருள் நிறத்தின் பிரகாசத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணக்குக்குப் பல சூத்திரங்கள் உண்டு. பரவலாகப் புழங்கும் ஒன்றில் பச்சைக்கு 72 சதவீதம், சிவப்புக்கு 21, நீலத்துக்கு வெறும் 7. சிவப்பும் பச்சையும் எதிரெதிர் என்பது நம் கண்ணுக்குத் தெரியும், அந்தக் கூட்டலுக்குத் தெரியாது. எந்த நிறம் எந்தச் சாம்பலாக வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். அதற்குத்தான் கறுப்பு வெள்ளை மிக்சரில் நிறத்துக்கொரு ஸ்லைடர் வைத்திருக்கிறார்கள்.

அந்த ஸ்லைடர்களிலும் கை வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நீலத்தை அடிவரை இழுத்தால் வானம் நாடகத்தனமாகக் கறுக்கும். எனக்கும் முதல் வருடம் அது போதைதான். பெரிதாக்கிப் பார்த்தால் வானம் முழுக்கப் புள்ளி. இலைகளின் ஓரத்தில் வெள்ளை நூல் ஓட்டியது போல ஒரு கோடு. இப்போது நீலத்தைப் பாதி தூரம்கூட இழுப்பதில்லை. மிச்சக் கறுப்பை மேலிருந்து படிப்படியாக மங்கி இறங்கும் ஒரு கிரேடியன்ட் முகமூடி பார்த்துக்கொள்ளும். முகங்களில் ஆரஞ்சு ஸ்லைடர்தான் எஜமான். சிவப்பை மட்டும் ஏற்றினால் உதடு தோலோடு கரைந்துவிடும்.

வானம் என்றதும் ஒன்று. 8 பிட் ஜேபெக்கில் கறுப்பு வெள்ளைக்கு மொத்தம் 256 படிகள்தான். வண்ணப் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சானலும் கலந்து குறையை மறைத்துவிடும். இங்கே மறைக்க ஆளில்லை. வெளிர் சாம்பலிலிருந்து அடர் சாம்பலுக்குப் போகும் வானத்தை ஜேபெக்கில் கொஞ்சம் இழுத்தாலும் படிக்கட்டு மாதிரி பட்டைகள் வரும். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் தொடங்கி, படிகள் பல மடங்கு அதிகமான 16 பிட்டில் முடித்துவிட்டு, கடைசியில் மட்டும் ஜேபெக்.

பிரீசெட் எனப்படும் ஆயத்த எடிட் அமைப்புகளோடு ஒரு வருடம் குடித்தனம் நடத்தினேன். ஒரே சொடுக்கில் பழைய ஃபிலிம் தோற்றம். அந்த வருடப் படங்களை இப்போது திறந்து பார்த்தால் எல்லாம் ஒரே ஆள் ஒரே நாளில் எடுத்தது போல இருக்கின்றன. அந்த ஆள் நான் இல்லை. இப்போது என் வேலையில் பெரும்பகுதி, அங்கங்கே வெளுப்பதும் கறுப்பதும்தான். இருட்டறைக் காலத்தில் கையாலும் அட்டையாலும் ஒளியை மறைத்துச் செய்ததை இப்போது பிரஷ்ஷால் செய்கிறோம். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவில் எடுத்த நிலா உதயப் படத்தின் ஆரம்பகால அச்சில் வானம் சாம்பலாகவும் மேகக் கீற்றுகளோடும் இருக்கும். பிற்கால அச்சுகளில் அது கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. நெகட்டிவ் ஒன்றேதான். அதைப் பார்த்தபிறகு, முடித்த படத்தை நான்கு வருடம் கழித்துத் திறந்து திருத்துவதில் எனக்கு வெட்கமில்லை. என் கெட்ட பழக்கம் ஒன்று: படத்தின் ஓரங்களை, குறிப்பாக அடிப்பக்கத்தை, இருட்டாக்குவது. பார்வை நடுவில் நிற்கும் என்று நினைப்பு. இதற்கு அப்புறம் வருகிறேன்.

கேமராவில் ஒரே ஒரு அமைப்பு என் பார்வையை மாற்றியது. ராவும் ஜேபெக்கும் சேர்ந்து பதிவாகும்படி வைத்து, ஜேபெக்கைக் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டேன். வியூஃபைண்டரில் உலகம் சாம்பலாகத் தெரியும், ராவில் வண்ணம் பத்திரமாக இருக்கும். சிவப்புப் பூவைப் பார்த்து ஓடும் கால் ஒரு மாதத்தில் நின்றுவிட்டது; சுவரில் விழும் நிழலின் விளிம்பு கண்ணில் படத் தொடங்கியது.

வீணாய்ப் போனது சிவப்புக் கண்ணாடி ஃபில்டர். ஃபிலிமில் அது வானத்தைக் கறுக்க வைக்கும் என்று படித்துவிட்டு டிஜிட்டல் கேமராவில் மாட்டினேன். மூன்று ஸ்டாப் ஒளி போயிற்று, அதாவது எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சியது. அதோடு, ஒளியைப் பதியும் சாதாரண சென்சாரில், பிரைஸ் பேயர் என்பவர் கோடக் நிறுவனத்தில் இருந்தபோது காப்புரிமை பெற்ற வண்ண வடிகட்டி அமைப்புப்படி பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால் நீலத்துக்கு, கால்தான் சிவப்புக்கு. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் உருப்படியாக வேலை செய்வது அந்தக் கால்வாசி மட்டும். அதே வேலையை மிக்சர் இலவசமாகச் செய்கிறது. 2012இல் வந்த லைக்கா எம் மோனோகுரோம் கேமரா போல வண்ண வடிகட்டியே இல்லாத சென்சார் என்றால் கதை வேறு. அங்கே நிறத் தகவலே பதிவாகாது என்பதால் மிக்சருக்கு வேலையில்லை, கண்ணாடி ஃபில்டர்தான் ஒரே வழி.

நடுவில் ஒரு வருடம் ஃபிலிமும் ஓட்டினேன். 400 வேக ஃபிலிம், குளியலறையில் டெவலப்பிங். அழகான வேலை, மறுக்கவில்லை. ஸ்கேன் செய்து தூசி எடுப்பதில்தான் பொறுமை போனது. வண்ண நெகட்டிவில் ஸ்கேனர் அகச்சிவப்புக் கதிரை வைத்துத் தூசியை அடையாளம் கண்டு நீக்கிவிடும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் உருவமே வெள்ளித் துகள். அது அகச்சிவப்பையும் மறிப்பதால் ஸ்கேனருக்குத் தூசி எது, படம் எது என்று தெரியாது. ஒவ்வொரு புள்ளியாகக் கையால் துடைத்தேன். ஒரு வானத்துக்கு ஒரு மாலை.

ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். வண்ணத்தில் சரியாக வராத படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கிக் கரையேற்றப் பார்த்த காலம் உண்டு. ஒரு பக்கம் மஞ்சள் பல்பு, மறு பக்கம் டியூப்லைட் என்று நிறம் குழம்பிய படம் உண்மையிலேயே பிழைக்கும். ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 6400க்கு ஏற்றியதில் வந்த புள்ளிகூட ஃபிலிமின் கிரெயின் என்று சொல்லித் தப்பிக்கலாம். கோணம் சரியில்லாத படம் மட்டும் எந்த நிறத்திலும் பிழைப்பதில்லை.

போன மாதம் தாத்தா படத்தைப் புதிதாகத் திறந்தேன். ஒன்பது வருடத்துக்கு முந்தைய ரா கோப்பு, இப்போதைய கண். குடையை 12க்கு மேலே தூக்கி, கம்பி முட்டும் இடங்களில் பிரஷ்ஷால் இரண்டு தடவை வருடி, வெள்ளைப் பின்னணியில் சரிபார்த்து, பரைட்டா தாளில் அச்சிட்டு, ஒரு நாள் காயவைத்துப் பழைய ஃபிரேமிலேயே மாட்டினேன். தாத்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். குடையை மேலிருந்து கீழே பார்த்தார். தலையாட்டினார். அப்புறம் கண் கையிலிருந்து படிக்கு இறங்கியது.

“குடை வந்துடுச்சு. செருப்பைக் காணோமே?”

அடிப்பக்கத்தை இருட்டாக்கியிருந்தேன். கோப்பு இன்னும் திறந்தபடிதான் இருக்கிறது.